சிவப்பு மாத்திரைக்குப் பின்னால் ஒரு பெண்மணி

தமிழகத்தின் எந்தக் கிராமத்தில் ஒரு பெண் கருவுற்றாலும், பதிவு முடிந்த கையோடு அவருக்குக் கிடைப்பது சத்து மாத்திரை. முதல் மூன்று மாதங்களுக்கு ஃபோலிக் அமிலம் மட்டும். நான்காம் மாதத்திலிருந்து இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த சிவப்பு மாத்திரை. அதில் இரும்பு 60 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். மகப்பேற்றுக்கு முன் 180 நாள்கள், பின் 180 நாள்கள் என்பது அரசின் கணக்கு. அந்த மாத்திரையின் ஒரு பாதி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பதில் நம்மை மும்பை ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும், குன்னூர் மலைக்கும், சென்னைத் திருவல்லிக்கேணிக்கும் அழைத்துச் செல்லும். அந்த மூன்று இடங்களிலும் உழைத்தவர் லூசி வில்ஸ்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரை அடுத்த சட்டன் கோல்ட்ஃபீல்டில் 1888 மே 10-ஆம் நாள் பிறந்தவர் அவர். தந்தை அறிவியல் பட்டதாரி. தாய்வழிப் பாட்டனார் மருத்துவர். அண்ணன் லெனார்ட் பின்னாளில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் நிலவியல் பேராசிரியரானார். கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் லூசி படித்ததும் தாவரவியலும் நிலவியலுமே. 1911-இல் தேர்வுகளை முடித்தார். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. பெண்களுக்குப் பட்டம் வழங்க அந்தப் பல்கலைக்கழகம் 1948 வரை இசையவில்லை.

அடுத்த இரண்டே ஆண்டுகளில் தந்தையையும் தமக்கையையும் அவர் இழந்தார். 1913-இல் தாயுடன் இலங்கைக்குச் சென்று உறவினரோடு தங்கியிருந்தார். மறு ஆண்டு தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது முதல் உலகப் போர் மூண்டது. கேப் டவுனில் சில வாரங்கள் தொண்டுச் செவிலியராகப் பணியாற்றினார். இங்கிலாந்து திரும்பியதும், 1915 சனவரியில் இலண்டன் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மருத்துவராகத் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 32. எனினும், நோயாளிகளைப் பார்த்துப் பொருளீட்டும் தொழிலை அவர் நாடவில்லை. இராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஆய்வகத்தில் கருவுற்ற பெண்களின் உடலில் நிகழும் வேதிமாற்றங்களை ஆராயத் தொடங்கினார்.

அக்காலத்து இந்தியாவில் மகப்பேறு என்பது மறுபிறவி என்று சொல்லப்பட்டது வெறும் வழக்குச் சொல் அன்று. கருவுற்ற பெண்கள் பலர் முகம் வெளுத்து, உடல் வீங்கி, மூச்சிரைத்து, மகப்பேற்றின்போதோ அதற்கு முன்போ உயிரிழந்தனர். அவர்களது இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு விந்தை தெரிந்தது. இரும்புச்சத்துக் குறைவில் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறும். இங்கோ அவை எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்திருந்தன. இந்திய மருத்துவப் பணியில் இருந்த மார்கரெட் பால்ஃபர் என்னும் பெண் மருத்துவர், தாய்மார் இறப்பு பற்றிய ஆய்வில் பங்கேற்குமாறு லூசி வில்ஸை அழைத்தார். 1928-இல் மும்பை ஹாஃப்கின் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார் அவர்.

அவர் சென்ற வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. முதலில், இது ஏதேனும் கிருமியால் வருவதா என்று பார்த்தார். அதற்கான சான்று கிடைக்கவில்லை. பிறகு ஆய்வகத்தை விட்டு வெளியே வந்தார். எந்த வகுப்புப் பெண்கள் என்ன உண்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று கணக்கெடுத்தார். காய்கறியும் பழமும் பாலும் அரிதாகவே கண்ட ஏழைப் பெண்களையே, குறிப்பாக ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பெண்களையே, இந்தச் சோகை கடுமையாகத் தாக்கியது. வசதி படைத்தோரிடம் அது அரிதாக இருந்தது. நோயின் வேர் உலைப்பானையில் இருக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அதை மெய்ப்பிக்கும் முயற்சியில்தான் தமிழ் மண் அவரது வரலாற்றில் இடம்பெறுகிறது. 1929-இல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றினார். இராபர்ட் மெக்கேரிசன் அங்கு ஊட்டச்சத்து ஆய்வை வழிநடத்திக் கொண்டிருந்தார். இன்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் மூலம் அதுவே. ஏழைப் பெண்களின் உணவை ஒத்த உணவைச் சினை எலிகளுக்குக் கொடுத்தால் சோகை வந்தது. ஈஸ்ட் சேர்த்தால் வரவில்லை. ஆனால் எலிகளிடம் பேன் வழியாகப் பரவிய ஒரு தொற்றும் இருந்தது பின்னர் தெரியவந்தது. முடிவுகள் ஐயத்துக்கு இடமாயின. அவர் சோர்ந்துவிடவில்லை, குரங்குகளைக் கொண்டு ஆய்வைத் தொடர்ந்தார்.

1931-இன் தொடக்கத்தில் சென்னை வந்து கோஷா மருத்துவமனையில் பணியாற்றினார். இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி பெயரில் இயங்கும் அரசுத் தாய் சேய் நல மருத்துவமனை அது. 1885-இல் அதை நிறுவிய மேரி ஷார்லீப், சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்கள் நால்வருள் ஒருவர். பிறகு லூசி படித்த அதே இலண்டன் பெண்கள் மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கி உயிர்விட்ட பெண்களுக்காக ஒரு தலைமுறைப் பெண் கட்டிய மருத்துவமனையில், அடுத்த தலைமுறைப் பெண் மருந்து தேடினார்.

கிடைத்த மருந்து எளிமையானது. மதுபான ஆலைகளில் எஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்னும் கரிய பசை அது. இலங்கைத் தமிழர் வீடுகளில் ரொட்டியில் தடவி உண்ணும் பொருளாக இன்றும் அது பழக்கமானது. ஆய்வில் சோகையுற்ற குரங்குக்கு அதைக் கொடுத்தபோது வியக்கத்தக்க விரைவில் தேறியது. சோகையுற்ற தாய்மார்களும் அவ்வாறே தேறினர். 1931 சூன் மாதம் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இந்த முடிவுகளை அவர் வெளியிட்டார். அவ்வகைச் சோகைக்கு அன்று அறியப்பட்டிருந்த மருந்து ஈரலும் ஈரல் சாறும்தான்; அவை ஏழைகளுக்கு எட்டாத விலை. மார்மைட்டோ மலிவு.

இத்துடன் அவர் நிற்கவில்லை. வேறொரு கொடிய சோகையைக் குணப்படுத்தும் தூய ஈரல் சாறு, இந்தத் தாய்மார்களுக்குப் பயன்படவில்லை என்பதையும், தூய்மைப்படுத்தாத ஈரல் சாறு பயன்பட்டது என்பதையும் காட்டினார். எனவே ஈரலில் இரண்டு வேறு சத்துகள் இருக்க வேண்டும். பெயர் தெரியாத அந்த இரண்டாம் சத்து, வில்ஸ் காரணி என்று வழங்கப்பட்டது. இன்று ஃபோலேட் என்றும் பி12 என்றும் நாம் பிரித்து அறியும் இரு சத்துகளின் வேறுபாடு, அவற்றை எவரும் கண்ணால் காணும் முன்னரே இப்படித் தெளிவாயிற்று.

1941-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பசலைக்கீரையிலிருந்து அச்சத்தைப் பிரித்தெடுத்தனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். 1945-இல் அதை ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கிய லெடர்லே நிறுவனக் குழுவின் தலைவர் எல்லப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். மும்பைத் தாய்மாரின் வெளிறிய முகங்களில் தொடங்கிய தேடலைச் சென்னையில் படித்த ஒருவர் முடித்துவைத்தார்.

உடலின் உயிரணுக்கள் பிளந்து பெருகுவதற்கு டி.என்.ஏ. படியெடுக்கப்பட வேண்டும். அதற்குத் தேவையானது ஃபோலேட். அது போதாதபோது, சிவப்பணுவாக வேண்டிய அணு பிளக்க இயலாமல் பெருத்துவிடுகிறது. கருவுற்ற பெண்ணின் உடலில் அணுப்பெருக்கம் மிகுதி, தேவையும் மிகுதி. லூசி வில்ஸ் கண்ட பெரிய சிவப்பணுக்களின் பொருள் இதுவே.

அவரது எஞ்சிய வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1938-இல் இராயல் ஃப்ரீ மருத்துவமனைக்கு முழுநேரப் பணிக்குத் திரும்பினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நோய்க்குறியியல் வல்லுநராக உழைத்தார். பின்னர் அந்த மருத்துவமனையில் முதன்முதலாக இரத்தவியல் துறையை அமைத்தார். 1947-இல் ஓய்வு பெற்றபின் ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று சோகையை ஆராயச் சென்றார். மலையேற்றத்திலும் தோட்டக்கலையிலும் ஈடுபாடு உடையவர்; பணிக்கு மிதிவண்டியில் செல்பவர். இறுதிப் பத்தாண்டில் செல்சி நகர்மன்றத்தில் தொழிற்கட்சி உறுப்பினராக இருந்தார். மணம் புரிந்துகொள்ளவில்லை. 1964 ஏப்ரலில் மறைந்தார்.

அவர் மறைந்து 27 ஆண்டுகளுக்குப் பின், அவரது சத்து இன்னொரு முகம் காட்டியது. ஏழு நாடுகளில் 33 மருத்துவ மையங்களில், முன்பு தண்டுவட, மூளைக் குறைபாடுள்ள குழந்தையைக் கருவுற்ற 1,817 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 1991-இல் வெளியானது. கருவுறும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டவர்களிடம் அக்குறைபாடு மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைந்திருந்தது. அதன் விளைவாக, 1998 முதல் அமெரிக்காவில் தானிய மாவில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பது கட்டாயமாயிற்று. லூசி வில்ஸ் பிறந்த பிரிட்டனோ 2021-இல்தான் அந்த முடிவை அறிவித்தது.

இங்கே என் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி என் ஊர். நிலவியல் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். தொன்மைக் கடலின் சிப்பிகள் உறைந்த சுண்ணாம்புக்கல் படிவத்துக்கே எங்கள் ஊர்ப் பெயர்தான். நிலவியல் மாணவியான லூசி வில்ஸ் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். பிறருக்கு ஊரை அறிமுகப்படுத்துவது கலியுக வரதராசப் பெருமாள் கோயில். அக்கோயிலின் தலக்கதையே காணாமற்போன ஒரு சினைப்பசுவைத் தேடி அலைந்த கதைதான். சினையுற்ற ஓர் உயிரைப் பற்றிய கவலையில் பிறந்த கோயிலைச் சுற்றி வாழ்பவர்கள் நாங்கள்.

அந்த மண்ணிலும், சத்து மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். குமட்டுகிறது, மலம் கறுக்கிறது, குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று காரணங்கள் பல. கிராமச் செவிலியர் கேட்டால் விழுங்கிவிட்டதாகச் சொல்லிவிடுவதும் உண்டு. இதை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் மாத்திரையைத் தருகிற நாம், அது எதற்கு என்று பொறுமையாகச் சொன்னோமா என்று கேட்டுக்கொள்வதே முறை. மலம் கறுப்பது இரும்பினால், அதில் தீங்கில்லை. குழந்தையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் தொடர்பில்லை. குமட்டினால் இரவு உணவுக்குப் பின் உட்கொள்ளலாம். தேநீருடன் சேர்த்து மட்டும் உட்கொள்ளக் கூடாது. இவ்வளவையும் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் கருவுற்ற பெண்களில் 52.2 விழுக்காட்டினருக்குச் சோகை இருக்கிறது. மருத்துவக் கட்டமைப்பில் முன்னிற்கும் தமிழகத்திலும் ஏறத்தாழப் பாதிப் பேர். மருந்தில்லாத காலத்தில் லூசி வில்ஸ் கப்பலேறி வந்தார். மருந்து இலவசமாக வீடு தேடி வரும் காலத்தில் நாம் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம்.

இன்னொரு செய்தி இதைவிட அவசரமானது. கருவின் தண்டுவடக் குழல் மூடிக்கொள்வது கரு உருவான 28 நாள்களுக்குள். நாள் தள்ளிப்போனதை ஒரு பெண் உணர்ந்து, உறுதிசெய்து, பதிவு செய்வதற்குள் அக்காலம் பெரும்பாலும் கடந்துவிடுகிறது. ஆகவே முதல் மூன்று மாதத்து மாத்திரை, இரத்தத்துக்கு உதவினாலும், தண்டுவடத்தைக் காக்கத் தாமதமாகவே வந்து சேர்கிறது. கருவுறுவதற்கு ஒரு மாதமாவது முன்பே ஃபோலிக் அமிலம் தொடங்கப்பட வேண்டும் என்பதே மருத்துவ அறிவுரை. திருமணப் பதிவு அலுவலகத்திலும், புதுமணப் பெண்ணின் வீட்டிலும், அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் தாயிடமும் இது சென்று சேர வேண்டும். திருமணமானதும் விசேஷம் உண்டா என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அக்கேள்வியைக் கேட்கும் உறவினர்கள், அதற்கு முன்பு இதைச் சொல்லக் கற்றுக்கொண்டால் நல்லது.

மாத்திரையோடு உணவும் மாற வேண்டும். கீரை, பயறு, உளுந்து, வேர்க்கடலை ஆகியவை நம் ஊர்களில் விளைபவை. அனைத்திலும் ஃபோலேட் உண்டு. கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை இறுத்துவிட்டால் சத்தும் அதனுடன் போய்விடும். வீட்டில் எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் பெண்ணின் தட்டில் கீரையும் பயறும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் கணவனும் மாமியாரும்.

எவ்வகை நோய் என்று கேட்பதற்கு முன், இந்தப் பெண் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டவர் லூசி வில்ஸ். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் அவர் கேட்ட கேள்வியை நம் வீடுகளும், துணை சுகாதார நிலையங்களும், அரசின் திட்டங்களும் இன்று ஒவ்வொரு பெண்ணிடமும் கருவுறும் முன்பே கேட்கத் தொடங்க வேண்டும்.