உப்பில் நின்ற கால்கள்: மேரி பிரின்ஸின் சாட்சியமும் நம் பாட்டிமாரின் மௌனமும்

1833ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், ஒரே வார இடைவெளியில், லண்டன் நீதிமன்றங்களில் இரண்டு அவதூறு வழக்குகள் விசாரணைக்கு வந்தன. இரண்டுமே ஒரு கறுப்பினப் பெண்ணின் வாழ்க்கை உண்மையா, பொய்யா என்பதைச் சுற்றி எழுந்தவை. இரண்டிலும் அவர் வாதியும் அல்லர், பிரதிவாதியும் அல்லர். வழக்காடியவர்கள் வெள்ளை ஆண்கள். அவர் சாட்சிக் கூண்டில் ஏறித் தன் வாழ்க்கையைச் சொன்னார், இறங்கினார். அதன் பிறகு வரலாற்றின் ஏடுகளில் அவர் குறித்த தடம் இல்லை. அவர் பெயர் மேரி பிரின்ஸ். பிரிட்டனில் தன் வாழ்க்கையை நூலாக வெளியிட்ட முதல் கறுப்பினப் பெண் அவர்.

கரீபியப் பெண்களின் புனைவுகளைப் படிக்கத் தொடங்கும் எவரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தப் பெண்ணிடம் வந்து சேர்கிறார்கள். செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் மீட்கப்படும் தொழிலாளர்களின் வாக்குமூலங்களைத் திருவள்ளூர் மாவட்டத்தில் எழுதிக்கொண்டிருக்கும் நாமும் அவ்வாறே வந்து சேர்ந்தோம். உழைக்கும் பெண்ணின் சொல்லை யார் நம்புகிறார்கள், நம்புவதற்கு முன் அவளிடம் என்னவெல்லாம் கேட்கிறார்கள் என்ற கேள்வியே அவருடைய வாழ்க்கையின் மையம். அது நம்முடைய கேள்வியும் ஆகும்.

விற்கப்பட்ட பிள்ளைகள்

மேரி 1788ஆம் ஆண்டு வாக்கில் பெர்முடாத் தீவில் பிறந்தார். தாய் வீட்டு வேலை செய்யும் அடிமை. தந்தை பிரின்ஸ் மரம் அறுக்கும் தொழிலாளி; அவர் வேறொரு உரிமையாளரின் உடைமை. கைக்குழந்தையாக இருந்தபோதே தாயோடு சேர்த்து விற்கப்பட்ட மேரி, வில்லியம்ஸ் என்ற குடும்பத்தின் சிறுமிக்கு விளையாட்டுத் துணையாகக் கொடுக்கப்பட்டார். அந்த வீட்டு எசமானி இறந்ததும், அவருடைய கணவரின் மறுமணச் செலவுக்காகப் பிள்ளைகள் விற்பனைக்கு வந்தனர். மேரிக்கு அப்போது வயது சுமார் பன்னிரண்டு. மூன்று மகள்களுக்கும் புதுத் துணி உடுத்திச் சந்தைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய பொறுப்பு தாயின் மேலேயே விழுந்தது. மேரியும் தங்கைகள் ஹன்னாவும் டைனாவும் ஒரே நாளில் வெவ்வேறு ஆட்களுக்கு விற்கப்பட்டனர்.

மேரியை வாங்கிய கேப்டன் இங்ஹாமின் வீட்டில் ஹெட்டி என்ற அடிமைப் பெண் இருந்தார். கர்ப்பிணியாக இருந்த அவரைக் கட்டிவைத்து அடித்தார்கள். குழந்தை இறந்தே பிறந்தது. சில காலத்தில் அவரும் இறந்தார். ஹெட்டியின் வேலைகள் அனைத்தும் சிறுமி மேரியின் தலையில் ஏறின. தன் கதையைச் சொல்லும்போது ஹெட்டியின் கதையையும் விடாமல் சொன்னார் மேரி. அவருடைய நூல் முழுக்க இந்தப் பண்பு உண்டு. பேச வாய்ப்புக் கிடைத்தது தனக்கு மட்டுமே என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே பேசாமல் மாண்டவர்களின் பெயர்களையும் சேர்த்தே பதிவு செய்தார்.

பத்தாண்டு உப்பளம்

இங்ஹாம் அவரை டர்க்ஸ் தீவு உப்பளங்களுக்கு அனுப்பினார். அங்கே ஏறத்தாழப் பத்து ஆண்டுகள். விடியலுக்கு முன் நான்கு மணிக்கு வேலை தொடங்கும். முழங்கால் அளவு உப்பு நீரில் நின்று, இருட்டும் வரை உப்பு வாரி எடுக்க வேண்டும். உண்ண வேகவைத்த சோளம். உப்பு கால்களைத் தின்று, புண்கள் எலும்பு வரை இறங்கும். நடக்க முடியாத டேனியல் என்ற முதியவர் வேலையில் பின்தங்கினால், அவரைக் கிடத்தி அடித்து, காயங்களின் மேல் உப்பு நீரை ஊற்றுவார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் மேரியின் தாயும் அதே தீவுக்குக் கொண்டுவரப்பட்டார். மனம் கலங்கிய நிலையில் கப்பலிலிருந்து இறங்கிய அந்தத் தாய், எதிரில் நின்ற மகளை முதலில் அடையாளம் காணவில்லை.

வாசகர் தூரதேசத்துக் கதையாக இதைக் கொள்ள வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் ரயில் அத்திப்பட்டையும் எண்ணூரையும் கடக்கிறது. இன்று அனல்மின் நிலையங்களும் சாம்பல் குளங்களும் சூழ்ந்துள்ள அந்தச் சதுப்பு நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உப்பளங்கள் இருந்தன. மேரி டர்க்ஸ் தீவில் நின்ற காலத்தில், இந்தக் கரையின் உப்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தில் இருந்தது. கம்பெனிக்கு உப்பு எத்தனை கலம் விளைந்தது என்பதற்குக் கணக்கு உண்டு. பாத்தியில் இறங்கி அதை வாரியெடுத்த பெண்கள் எவரும் தம் வாயால் சொல்லி அச்சேறிய நூல் ஒன்றும் இல்லை.

கடல் கடந்தும் தொடர்ந்த சங்கிலி

1815 வாக்கில் ஜான் ஆடம்ஸ் வுட் என்ற வணிகருக்கு விற்கப்பட்டு ஆன்டிகுவாத் தீவுக்குப் போனார் மேரி. உப்பளத்து நோய்கள் முடக்குவாதமாக உடலில் தங்கின. ஆயினும் ஓய்ந்த நேரங்களில் பிறர் துணி வெளுத்தும், காப்பியும் கிழங்கும் விற்றும் காசு சேர்த்தார். தன்னைத் தானே விலை கொடுத்து மீட்டுக்கொள்வதே நோக்கம். மொரேவியத் திருச்சபையில் சேர்ந்து எழுத்துக் கற்றார். 1826 டிசம்பரில் டேனியல் ஜேம்ஸ் என்ற தச்சரை மணந்தார். அவரும் முன்னாள் அடிமை. தன் விடுதலையைத் தன் உழைப்பாலேயே வாங்கியவர். அனுமதி பெறாமல் மணம் செய்துகொண்டதற்காக மேரி குதிரைச் சாட்டையால் அடிக்கப்பட்டார்.

1828இல் வுட் குடும்பம் லண்டன் சென்றபோது மேரியையும் அழைத்துச் சென்றது. இங்கே சட்ட மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு முடிச்சு உண்டு. 1772ஆம் ஆண்டின் சாமர்செட் வழக்கின் தீர்ப்புப்படி, இங்கிலாந்து மண்ணில் நிற்கும் அடிமையை வலுக்கட்டாயமாக வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்ல முடியாது. ஆனால் 1827இல் கிரேஸ் என்ற பெண்ணின் வழக்கில், இங்கிலாந்துக்கு வந்து திரும்பிய அடிமை தன் தீவில் கால் வைத்ததும் மீண்டும் அடிமையே என்று தீர்ப்பாயிற்று. கிரேஸும் ஆன்டிகுவாவைச் சேர்ந்தவரே. எனவே மேரிக்குச் சட்டம் இரண்டு வழிகளைத்தான் வைத்தது. லண்டனில் சுதந்திரமாக, கணவரின்றி, நோயோடு தனியே வாழலாம். அல்லது கணவரிடம் திரும்பி அடிமையாகலாம்.

அவர் வுட்டின் வீட்டை விட்டு வெளியேறினார். அடிமைமுறை எதிர்ப்புச் சங்கத்தின் உதவியை நாடினார். 1829 ஜூனில் அவர் சார்பில் நாடாளுமன்றத்தில் மனு அளிக்கப்பட்டது. விலை கொடுத்து விடுவிக்கப் பலர் முன்வந்தும் வுட் மறுத்தார். மேரி சோம்பேறி, ஒழுக்கம் கெட்டவர், எதற்கும் உதவாதவர் என்று எழுதிய அதே மனிதர், அவரை எந்த விலைக்கும் விட்டுக்கொடுக்க மறுத்தார் என்பதில் அடிமைமுறையின் உள்மனம் தெரிகிறது. அது வெறும் வரவுசெலவுக் கணக்கு அன்று; ஆளும் உரிமையின் போதை. சாதியை நன்கு அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தோலைக் காட்டச் சொன்ன நண்பர்கள்

சங்கத்தின் செயலாளர் தாமஸ் பிரிங்கிளின் வீட்டில் மேரி வேலைக்குச் சேர்ந்தார். தன் வாழ்க்கையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவருடையதே. அவர் சொல்ல, சுசானா ஸ்ட்ரிக்லேண்ட் எழுதினார். பிரிங்கிள் திருத்தித் தொகுத்தார். 1831இல் நூல் வெளியாகி அதே ஆண்டில் மூன்று பதிப்புகள் கண்டது.

அடிமைமுறையின் ஆதரவாளர்கள் எல்லாம் கட்டுக்கதை என்றனர். அவர்களுடைய ஏச்சில் நமக்கு வியப்பில்லை. நம்மை நிறுத்தி யோசிக்க வைப்பது நண்பர்களின் ஐயம். உடலில் உண்மையிலேயே தழும்புகள் உள்ளனவா என்று பெண்கள் சங்கம் ஒன்று கேட்டு எழுதியது. பிரிங்கிளின் மனைவி மேரியின் முதுகைப் பார்வையிட்டுச் சான்றுக் கடிதம் எழுத, அது மூன்றாம் பதிப்பின் பின்னிணைப்பாயிற்று. சொல் போதவில்லை, தோலும் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

பின்னர் நீதிமன்றம். நூலைத் தாக்கி எழுதிய இதழுக்கு எதிராகப் பிரிங்கிள் தொடுத்த வழக்கில் அவருக்குச் சொற்ப இழப்பீடு கிடைத்தது. அடுத்த வாரம், பிரிங்கிள் மேல் வுட் தொடுத்த வழக்கில் வுட் வென்றார். 25 பவுண்டு இழப்பீடு. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சாட்சிகளைக் கொண்டுவரப் பிரிங்கிளால் இயலவில்லை. அடித்ததைப் பார்த்தவர்கள் கடலுக்கு அப்பால், அடித்தவரின் பிடிக்குள் இருந்தனர். பாதிக்கப்பட்டவரே சாட்சிகளைத் திரட்ட வேண்டும் என்று சட்டம் கேட்கும்போது தீர்ப்பு யார் பக்கம் சாயும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சட்டத்தில் விடப்பட்ட நாடு

அதே 1833 ஆகஸ்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமைமுறை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. உரிமையாளர்களுக்கு இரண்டு கோடி பவுண்டு இழப்பீடு. உழைத்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. அச்சட்டத்தின் 64ஆம் பிரிவை நாம் மறக்கலாகாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்றது அப்பிரிவு. செங்கல்பட்டுச் சீமையின் சேரிகளில் பண்ணையாளாகவும் படியாளாகவும் கட்டுண்டு கிடந்த நம் மூதாதையர் அந்த விடுதலையின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர்.

1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமையின் மேல் உரிமை கோரும் வழக்கை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. நிலத்தையோ கூலியையோ அது தரவில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலை குறித்து அறிக்கை எழுதியபோதும், குடியிருக்கும் மனையே மிராசுதாரரின் தயவில் இருந்தது. 1892இல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை அதன் விளைவாகவே வந்தது. இன்றைய திருவள்ளூர் மாவட்டம் அன்று அந்தச் செங்கல்பட்டுக்குள் அடங்கியிருந்தது. இதற்கிடையே, விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் விட்டு நீங்கிய கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைச் சுமந்து சென்னையிலிருந்தும் கப்பல்கள் கரீபியத் தீவுகளுக்குப் புறப்பட்டன. மேரியின் வரலாறும் நம் வரலாறும் சந்திக்கும் துறைமுகம் அது.

புனைவு செய்த வேலை

மேரியின் நூலில் மௌனங்களும் உண்டு. எசமானர் குளிக்கும்போது தன்னைக் கழுவிவிடச் சொன்னதையும், ஒரு கட்டத்தில் அதற்குத் தான் மறுத்ததையும் சொல்கிறார். அதற்கு மேல் சொல்லவில்லை. பக்தி மிகுந்த ஆங்கில வாசகருக்கு அனுதாபம் தோன்ற வேண்டுமானால் பாலியல் வன்முறை பேசப்படலாகாது. கரீபிய வேர் கொண்ட பெண் எழுத்தாளர்கள் பின்னாளில் கை வைத்தது இத்தகைய இடைவெளிகளில்தான். குவாதலூப்பைச் சேர்ந்த மாரிஸ் கோந்தே, 1692ஆம் ஆண்டின் சேலம் சூனிய வழக்கு ஏடுகளில் சில பக்கங்களாகச் சுருங்கிக் கிடந்த டிட்யூபா என்ற அடிமைப் பெண்ணுக்கு 1986இல் ஒரு நாவல் முழுவதையும் கொடுத்தார். ஜமைக்காப் பெற்றோரின் மகளான ஆண்ட்ரியா லெவி, 2010இல் எழுதிய 'தி லாங் சாங்' நாவலில், முன்னாள் அடிமைப் பெண் ஒருத்தி தன் கதையை எழுத, அச்சகம் நடத்தும் மகன் அதில் தலையிடுவதைக் காட்டினார். கதை யாருடையது, திருத்தும் கை யாருடையது என்பது மேரி விட்டுச் சென்ற கேள்வியே.

இப்புனைவுகள் நம்மை நம் வீட்டுக்குத் திருப்பி அனுப்புகின்றன. பொன்னேரி வட்டத்தில் பிறந்த எங்கள் கொள்ளுப்பாட்டி மழைக்காலத்தில் நாற்று நட்டார். கோடையில் உப்பளத்துக்குப் போனார். அவரிடமிருந்து எஞ்சியது ஒரு பழைய பத்திரத்தில் உள்ள இடது பெருவிரல் ரேகை. அதிலுள்ள சொற்கள் பத்திரம் எழுதியவருடையவை. கடன் தொகையும் சாதிப் பெயரும் அழகிய கையெழுத்தில் இருக்கின்றன. அவர் என்ன நினைத்தார் என்பதற்கு அதில் இடமில்லை. பெரும்பாலான தலித் குடும்பங்களின் ஆவணக் காப்பகம் இவ்வளவுதான். ஆகவேதான் சிவகாமியின் 'பழையன கழிதலும்', பாமாவின் 'கருக்கு', 'சங்கதி' போன்ற நூல்களை இலக்கியமாக மட்டும் நாம் படிப்பதில்லை. வேறெங்கும் கிடைக்காத சாட்சியங்களாகவும் படிக்கிறோம்.

சுமையை மாற்றிய பிரிவு

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, மேரிக்கு மறுக்கப்பட்டதைத் தருகிறது. தொழிலாளி அது கொத்தடிமைக் கடன் என்று சொன்னால், அல்ல என்று நிரூபிக்கும் சுமை கடன் கொடுத்தவரைச் சேரும். கட்டாய உழைப்பு நிறுவப்பட்டால், முன்பணம் கைமாறியிருப்பதாகவே ஊகிக்க வேண்டும் என்று பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறியது. ஏட்டில் இது ஒரு பெரும் திருப்பம்.

நடைமுறை வேறு. செங்குன்றம் அரிசி ஆலைகளில் மீட்கப்படும் இருளர் பெண்ணிடமும், செங்கல் சூளையில் மீட்கப்படும் ஒடிசாத் தொழிலாளியிடமும் விசாரணையில் முதலில் எழும் கேள்வி, அட்வான்ஸ் வாங்கியதற்கு ரசீது உண்டா என்பது. அடித்தார்கள் என்றால் காயத்தைக் காட்டு என்பது அடுத்தது. கும்மிடிப்பூண்டி ஆலைகளில் கை இழந்த ஒப்பந்தத் தொழிலாளி, தான் அங்கே வேலை செய்ததையே நிரூபிக்க அலைகிறார். பூட்டிய வாசலுக்குள் நடந்ததற்கு வெளியிலிருந்து சாட்சி கொண்டுவரச் சொல்வது, 1833இல் லண்டன் நீதிமன்றம் கேட்டதற்குச் சற்றும் குறைந்ததன்று.

எனவே இதைப் படிக்கும் சட்ட மாணவர்களிடமும் களச் செயற்பாட்டாளர்களிடமும் ஒன்றை வலியுறுத்துகிறோம். வாக்குமூலம் எழுதும்போது அந்தப் பெண்ணின் சொல்லை அவர் சொன்ன வரிசையில், அவர் மொழியில் எழுதுங்கள். அவர் உடன் உழைத்தவர்களின் பெயர்களைச் சொன்னால் அவற்றையும் விடாமல் எழுதுங்கள். எழுதி முடித்ததை அவருக்கு வாசித்துக் காட்டிய பிறகே ரேகை வாங்குங்கள். அதிகாரி ரசீது கேட்டால் 15ஆம் பிரிவை எடுத்துக் காட்டுங்கள்.

மேரி பிரின்ஸ் இன்று பெர்முடாவின் தேசிய வீரர்களுள் ஒருவர். அவர் பெயரில் அங்கே ஒரு விடுமுறை நாள் உண்டு. அவர் சொன்னது பொய் என்று தீர்ப்பு வாங்கிய வணிகரின் பெயர், அவருடைய நூலின் அடிக்குறிப்புகளில்தான் வாழ்கிறது.