எட்டே மந்திரிகள்!

லோஹேகாவ்: மந்திரிசபை அமைப்பது என்றாலே இழுபறிதான். மராட்டியத்தில் 2019 அக்டோபரில் தேர்தல் முடிவு வந்தது. மந்திரிசபை விரிவாக்கம் நடக்க டிசம்பர் 30 ஆகிவிட்டது. இங்குள்ள தமிழர்கள் இதைக் கண்ணால் பார்த்தவர்கள்.

இந்த வேலையை வேறு விதமாகச் செய்து காட்டியவர் காமராஜர்.

1903 ஜூலை 15-ல் விருதுநகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. சுதந்திரப் போரில் பலமுறை சிறை சென்றார். 1942 போராட்டத்தில் கைதானவர், இன்று மராட்டியத்தில் இருக்கும் அமராவதி சிறையிலும் அடைபட்டுக் கிடந்தார்.

போட்டியிட்டவருக்கும் பதவி!

1954-ல் ராஜாஜி முதல்-மந்திரி பதவியை விட்டு விலகினார். கட்சித் தலைவர் தேர்தலில் காமராஜரும் சி.சுப்பிரமணியமும் மோதினார்கள். சுப்பிரமணியத்தின் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். காமராஜர் 93 ஓட்டுகள் பெற்று வென்றார். எதிராளிக்கு 41.

தோற்றவர் கதை முடிந்தது என்றே பலரும் நினைத்திருப்பார்கள். நடந்தது வேறு. ஏப்ரல் 13-ல் பதவி ஏற்ற மந்திரிசபையில் அந்த இருவரும் இருந்தார்கள்! நிதியும் கல்வியும் சுப்பிரமணியத்திடம் தரப்பட்டன. ராஜாஜியின் கல்வித் திட்டம் கைவிடப்படுவதை சட்டசபையில் அறிவித்தவரும் அவரே.

காமராஜரையும் சேர்த்து மந்திரிகள் மொத்தம் எட்டே பேர். 1952 தேர்தலில் காங்கிரசை எதிர்த்து நின்ற கட்சிகளின் தலைவர்களான மாணிக்கவேலு நாயக்கரும் ராமசாமி படையாட்சியாரும் அதில் இடம் பெற்றனர். ராமநாதபுரம் சேதுபதியும், தென் கன்னடத்தின் ஏ.பி.ஷெட்டியும் இருந்தனர். தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பரமேசுவரனுக்கு இந்து அறநிலைய இலாகா கிடைத்தது. கோவில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்ட மக்களில் ஒருவர், கோவில்களை நிர்வகிக்கும் மந்திரி ஆனார்!

குடியாத்தம் தீர்ப்பு

ஆனால் காமராஜர் அப்போது சட்டசபை உறுப்பினர் அல்ல. குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். தோற்றால் பதவி போய்விடும். பெரியாரும் அண்ணாவும் அவரை ஆதரித்தார்கள். கம்யூனிஸ்டு வேட்பாளரைத் தோற்கடித்தார்.

1957 தேர்தலுக்குப் பிறகும் அவர் மந்திரிசபையில் எட்டுப் பேர்தான். அதில் லூர்தம்மாள் சைமன் என்ற பெண்மணியும் ஒருவர். இந்தச் சிறு மந்திரிசபைகளின் காலத்தில்தான் பள்ளிகளில் மதிய உணவு பரவியது. கிராமங்களுக்குப் பள்ளிக்கூடங்கள் வந்தன.

1963 அக்டோபர் 2-ல் கட்சிப் பணிக்காகத் தாமாகவே பதவியை விட்டார் காமராஜர். அவருக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்ந்தவர், அன்று எதிரணியில் நின்ற அதே பக்தவத்சலம்.

1975 அக்டோபர் 2-ல் காமராஜர் மறைந்தார். கடைசி வரை வாடகை வீட்டில்தான் வாழ்ந்தார்.