ஜானகி அம்மையாரும் அமிர்தபாலையும்

மலையிற் பிறந்த வேர் நகரில் விலையாகின்றது. நம் வண்ணாரப்பேட்டை நாட்டு மருந்துக் கடைகளில் அதனை வாங்குவோர் குணத்தை வினவுவர், விலையையும் வினவுவர், அது பிறந்த மலையின் நிலையை வினவுவோர் மிகச் சிலரே. அந்நிலையை அறிதற்கும் காத்தற்கும் தம் கல்வியைப் பயன்படுத்திய பேரறிஞர் டாக்டர் இ. கே. ஜானகி அம்மையார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அம்மையார் 1897-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் தலைச்சேரியிற் பிறந்தார். தந்தையார் நீதித்துறையில் உயர்பதவி வகித்தவர். இயற்கை நூலில் ஈடுபாடு மிக்கவர். சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1921-இல் தாவர நூலிற் சிறப்புப் பட்டம் பெற்றார். பின் சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்தார். மணவாழ்வினும் கல்வியே பெரிதெனக் கொண்ட அவர், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகஞ் சென்று, 1931-இல் அறிவியற் பேரறிஞர் பட்டம் எய்தினார்.

கோயம்புத்தூரில் கரும்பின் உயிரணுக்களை ஆராய்ந்ததும், இங்கிலாந்தில் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம்களைத் தொகுத்து 1945-இல் பெருநூல் வெளியிட்டதும் உலகறிந்தவை. 1951-இல் நேருவின் அழைப்பிற்கிணங்கித் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர ஆய்வுத்துறையைச் சீரமைக்கும் பொறுப்பேற்றார்.

தாய்நாட்டுக் காடுகளின் அழிவு அவர் உள்ளத்தை வருத்திற்று. ஒருகால் ஷில்லாங்கிலிருந்து 37 மைல் சென்று, அப்பகுதியில் எஞ்சியிருந்த ஒரே மக்னோலியா மரத்தைத் தேடினார். அது எரிந்துபோயிருக்கக் கண்டார். நுண்ணோக்கியின்கீழ் எத்துணை ஆராய்ந்தாலும், அழிந்த இனத்தை மீட்டல் அரிதன்றோ! 1955-இல் பிரின்ஸ்டனில் நிகழ்ந்த உலக அறிஞர் அவையில், மலைவாணர் செடிகளைப் பற்றி வழிவழி பெற்ற அறிவின் அருமையை எடுத்துரைத்தார். ஜம்முவில் ஆராய்ச்சி நடத்திய நாளிலும் மருந்துச் செடிகளையே பெரிதும் ஆராய்ந்தார். 1970-இற் சென்னை திரும்பி, மதுரவாயலில் மூலிகைத் தோட்டம் வளர்த்தார்.

நிற்க. தமிழகமும் கேரளமும் தழுவி நிற்கும் அகத்தியர் மலைச்சாரலில், பாறை நிலத்தில், பால் வடியும் செடியொன்று உண்டு. காணிக்காரர் அதனை அமிர்தபாலை என்பர். வயிற்றுப் புண்ணுக்கு அதன் கிழங்கை மருந்தாய்க் கொள்வர். ஜோசப், சந்திரசேகரன் என்னும் தாவர நூலார் 1978-இல் அதனை உலகிற்கு அறிவித்து, அம்மையார் பெயரால் ஜானகியா என்று பெயரிட்டனர். பின்வந்தோர், நாம் ஊறுகாயிடும் மாகாளிக்கிழங்கின் பேரினத்தோடு அதனைச் சேர்த்தனர்.

இச்செடி அம்மலைத் தொடரின்றிப் பிறிதெங்கும் இயல்பாய் வளர்வதில்லை. இலையைப் பறித்தாற் செடி மீண்டுந் தளிர்க்கும். கிழங்கைத் தோண்டினாற் செடியே மாளும். அதனோடு அடுத்த ஆண்டின் விதையும் மாளும். நோயுற்றார் ஒருவர்க்கு ஒரு கிழங்கு எடுத்தல் வேறு. வாணிகத்திற்காக மூட்டை மூட்டையாய்த் தோண்டுதல் வேறு. ஆதலின் இஃது அழிவின் விளிம்பில் நிற்கும் செடிகளுள் ஒன்றாயிற்று. ஆராய்ச்சியாளர் திசு வளர்ப்பினால் நாற்றுக்களை உண்டாக்கி மீண்டும் காட்டில் நட்டு, அம்முயற்சியை 2005-இல் வெளியிட்டனர். ஆயினும் வாழுமிடம் அழியின் நாற்றினாற் பயன் யாது?

இவ்வுண்மையை அம்மையார் செயலிற் காட்டினார். அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டுவதை எதிர்த்து, எண்பது வயதிலும் அக்காட்டின் செடிகளை ஆராய்ந்தார். 1984 பிப்ரவரி 7-ஆம் நாள் மதுரவாயலில் உயிர்நீத்தார். ஒன்பது திங்களுக்குப் பின், நவம்பரில், அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாயிற்று. அக்காட்சியை அவர் காணவில்லை; காடு பிழைத்தது.

மாணவர்காள்! அம்மையார் பெயர் தாங்கிய செடி இன்னும் அம்மலையில் உளது. கடையில் ஒரு வேரை வாங்குமுன், அது தோட்டத்தில் விளைந்ததோ, காட்டிற் பறித்ததோ என்று வினவுங்கள். வாங்குவோர் வினவத் தொடங்கின், விற்போரும் விடை தேடுவர். அவ்வொரு வினாவே அவர்க்கு நாம் செய்யும் கைம்மாறாகும்.