பார்லரில் முடி நேராகும் ரகசியமும், திருவானைக்காவல்ல பிறந்த ராமனும்!

காலையில ஸ்ட்ரெயிட்னர் போட்டு முடியை நேராக்கிட்டுக் கிளம்புறீங்க. சாயங்காலம் லேசா மழையில நனைஞ்சா போதும், பழைய சுருள் திரும்ப வந்துடுது. ஆனா, பார்லர்ல க்ரீம் போட்டு நேராக்கின முடி, எத்தனை முறை தலைக்குக் குளிச்சாலும் சுருளுறதில்லை. புதுசா வளர்ற முடி மட்டும்தான் பழையபடி சுருளும். ஏன் இந்த வித்தியாசம்னு யோசிச்சிருக்கீங்களா?

விடை, முடிக்குள்ள இருக்கும் வேதிப் பிணைப்புகளில் இருக்கு. அந்தப் பிணைப்புகள் பிரியறதையும் சேர்றதையும், முடியை அரைக்காம, கரைக்காம, வெறும் ஒளியை வெச்சே இன்னிக்குப் பார்க்க முடியுது. அந்த வழியைத் திறந்துவெச்சவர் நம்ம ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்து ஊரில் பிறந்தவர். சர் சி.வி.ராமன்.

ஆத்துக்கு நடுவுல பிறந்தவர்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், ஸ்ரீரங்கம் இருக்கும் அதே தீவில்தான் திருவானைக்காவலும் இருக்கு. அங்கே தாய்வழித் தாத்தா வீட்டில், 1888 நவம்பர் 7-ம் தேதி பிறந்தார் ராமன். அப்பா சந்திரசேகர ஐயர் ஆசிரியர், அம்மா பார்வதி அம்மாள். அப்பாவுக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி வேலை கிடைக்க, குழந்தையா இருக்கும்போதே ராமன் ஊரை விட்டுப் போயாச்சு.

11 வயசில் மெட்ரிக்குலேஷன். சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-ல் பி.ஏ., 1907-ல் எம்.ஏ. நடுவில் 1906-ல், 18 வயசிலேயே லண்டன் அறிவியல் இதழ் ஒன்றில் அவருடைய ஆய்வுக் கட்டுரை வெளியாச்சு. அடுத்து இங்கிலாந்து போயிருக்க வேண்டியவர்தான். ஆனா, இந்த ஒல்லி உடம்பு அந்த ஊர்க் குளிரைத் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இந்தியாவிலேயே இருந்துகிட்டு ஆராய்ச்சியை மட்டும் நம்பி வாழ, அப்போ வழியே கிடையாது. அதனால நிதித்துறைத் தேர்வு எழுதி, 1907-ல் கல்கத்தாவில் உதவிக் கணக்கு அதிகாரியா சேர்ந்தார். வீணை வாசிக்கத் தெரிந்த லோகசுந்தரியுடன் கல்யாணமும் அதே வருஷம்தான்.

நல்ல சம்பளம், அரசு அதிகாரி அந்தஸ்து. அதோட நின்னிருக்கலாம். ஆனா, கல்கத்தா பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் போர்டு அவர் கண்ணில் பட்டுது. அதுக்கப்புறம் ஆபீஸுக்கு முன்னாடியும் ஆபீஸ் முடிஞ்சும் அங்கேதான் ஆராய்ச்சி. நடுவில் ரங்கூன், நாக்பூர்னு டிரான்ஸ்ஃபர் வந்துச்சு. கல்கத்தாவுக்குத் திரும்பினதும் மறுபடி அதே லேப். இப்படியே பத்து வருஷம். 1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி கொடுக்க, சம்பளம் கணிசமா குறையும்னு தெரிஞ்சும் அரசு வேலையை விட்டுட்டார்.

மிருதங்கத்தில் இருந்து மூலக்கூறுக்கு

ராமனின் ஆரம்பகால ஆராய்ச்சியில பெரும்பகுதி அதிர்வைப் பத்திதான். சாதாரண மத்தளத்தைத் தட்டினா சத்தம் கலவையா வரும். மிருதங்கத்தில் மட்டும் சுருதி சுத்தமா நிக்குது, ஏன்? வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்புப் பூச்சு எடை கூட்டுறதால, தோலின் அதிர்வுகள் ஒன்றோடொன்று இசைவா அமையுதுன்னு காட்டினார்.

1921-ல் கப்பலில் ஐரோப்பா போனப்போ மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடிச்சு நிறுத்துச்சு. வானத்தின் நிறம்தான் கடலில் தெரியுதுன்னு அன்னிக்கு நம்பினாங்க. கையில் இருந்த ஒரு பட்டகத்தால் மேற்பரப்பின் பிரதிபலிப்பை மறைச்சுப் பார்த்தார். அப்பவும் கடல் நீலமாத்தான் இருந்துச்சு. அப்போ தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்குது!

திரும்பி வந்ததும் மாணவர்களைச் சேர்த்துக்கிட்டு, திரவம் திரவமா ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார். விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ்.கிருஷ்ணன் அதில் முக்கியமான கூட்டாளி. 1928 பிப்ரவரி 28-ம் தேதி, பாதரச விளக்கின் ஒளியில் அந்த விளைவு தெளிவா சிக்குச்சு.

அது என்ன விளைவு? ரெண்டு அணுக்களுக்கு நடுவில் இருக்கும் பிணைப்பை ஒரு ஸ்பிரிங்னு நினைச்சுக்கோங்க. அணுவின் எடைக்கும் ஸ்பிரிங்கின் விறைப்புக்கும் ஏத்தபடி ஒவ்வொன்றும் தனக்குன்னு ஒரு வேகத்தில் அதிரும். ஒளி பட்டா, பெரும்பாலும் அதே நிறத்தில்தான் சிதறும். சுமார் ஒரு கோடியில் ஒரு ஒளித்துகள் மட்டும், அந்த அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துட்டு நிறம் மாறி வரும். எவ்வளவு மாறியிருக்குன்னு அளந்தா, உள்ளே எந்தப் பிணைப்பு இருக்குன்னு சொல்லிடலாம்.

முடிக்குள்ள என்ன நடக்குது?

முடி என்பது கெரட்டின் என்ற புரதத்தின் நீளமான சங்கிலிகள். அதாவது, இயற்கை செஞ்ச பாலிமர். பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளை ரெண்டு விதமான பிணைப்புகள் பிடிச்சு வெச்சிருக்கு. ஒண்ணு, பலவீனமான ஹைட்ரஜன் பிணைப்பு. சூட்டிலும் ஈரத்திலும் விட்டுப் போகும், காய்ஞ்சா திரும்பச் சேரும். ஸ்ட்ரெயிட்னர் மாத்துறது இதைத்தான். அதான் மழையில் எல்லாம் போச்சு!

இன்னொண்ணு, ரெண்டு கந்தக அணுக்கள் கைகோத்து நிக்கும் பலமான பாலம். பார்லர் க்ரீம் இந்தப் பாலத்தில் ஒரு பகுதியை உடைக்குது. முடியை நேரா இழுத்து வெச்சு, நியூட்ரலைசர் போட்டதும், கந்தகங்கள் புது இடத்தில் புது ஜோடியோட சேர்ந்துக்குது. இப்படிப் பிரிஞ்சு மறுபடி சேரக்கூடியதைத்தான் வேதியியலில் மீள் பிணைப்புன்னு சொல்றாங்க.

ராமன் ஸ்பெக்ட்ரோமீட்டரில் இது அப்படியே தெரியும். கந்தகப் பாலத்துக்கு அலை எண் 510 பக்கத்தில் ஒரு கோடு. பாலம் உடைஞ்சு கந்தகத்தில் ஹைட்ரஜன் ஒட்டினா, 2570 பக்கத்தில் வேற கோடு. க்ரீம் போட்டா முதல் கோடு மங்கி, ரெண்டாவது எழும்பும். நியூட்ரலைசர் போட்டா நேர் எதிர். தண்ணீர் இந்த முறையில் பெருசா குறுக்கிடாது என்பதால், ஈரமான முடியையும் பார்க்கலாம்.

கவனிக்க வேண்டிய கோடு இன்னொண்ணும் இருக்கு, 1040 பக்கத்தில். ஆக்ஸிஜன் ஏறி, இனி ஜோடி சேரவே முடியாத கந்தகத்தின் கோடு அது. ப்ளீச் செஞ்ச முடியிலும், திரும்பத் திரும்பக் கெமிக்கல் பார்த்த முடியிலும் இது தெரியும். பிரிஞ்சதெல்லாம் திரும்பச் சேர்றதில்லை. முடி சொரசொரப்பாகி உடையறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

விஷயம் முடியோட முடியலை. டயர் ரப்பரிலும் கந்தகப் பாலங்கள்தான். அவை லேசில் பிரியாததால பழைய டயரை உருக்கிப் புது டயர் வார்க்க முடியறதில்லை. 2002-ல் கலிஃபோர்னிய விஞ்ஞானிகள், சூடாக்கினா சில பிணைப்புகள் பிரிஞ்சு, ஆறினா மறுபடி சேர்ற, விரிசலைச் சரிசெய்துகொள்ளும் பாலிமர் ஒன்றை உருவாக்கினாங்க. இந்த மாதிரிப் பொருள்களை ஆராயறவங்களுக்கு, பிணைப்பு நிஜமாவே திரும்பச் சேர்ந்துச்சான்னு பொருளைச் சேதப்படுத்தாம பார்க்க ராமன் விளைவு ஒரு முக்கியமான கண்.

பிறகு?

1930-ல் நோபல் பரிசு. அறிவியலில் அதை வாங்கின முதல் ஆசியர். அதே 1928-ல் மாஸ்கோவில் ரெண்டு விஞ்ஞானிகள் படிகங்களில் இதே விளைவைக் கண்டிருந்தாங்க. பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது. கிருஷ்ணனின் பங்கு எவ்வளவு என்ற பேச்சு இன்னும் ஓயலை.

1933-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநர் ஆனார். நிர்வாகத்தோட உரசல் முத்தி, 1937-ல் அந்தப் பதவியை விட்டார். ஆனா ஆராய்ச்சியை விடலை, அங்கேயே பேராசிரியரா தொடர்ந்தார். 1948-ல் ராமன் ஆராய்ச்சி நிலையம், 1954-ல் பாரத ரத்னா. 1970 நவம்பர் 21-ம் தேதி, 82 வயசில் பெங்களூரில் காலமானார். 1987-ல் இருந்து பிப்ரவரி 28-ஐ தேசிய அறிவியல் தினமா கொண்டாடுறோம்.

தன் முடியைக் கடைசிவரை தலைப்பாகைக்குள்ளேயே வெச்சிருந்தவர், உங்க முடிக்குள்ள பார்க்க வழி செஞ்சுட்டுப் போயிருக்கார். அடுத்த முறை பார்லர்ல நியூட்ரலைசர் போட்டு உட்காரச் சொன்னா, நேரமாச்சுன்னு அவசரப்பட்டு எழுந்துடாதீங்க. கந்தகம் கைகோக்க அந்த நிமிஷங்கள் தேவை.