சமத்துவம் கற்பித்த ஆசிரியர்: ஹண்டி பேரின்பநாயகம்



வகுப்பறையில் நீங்கள் எல்லோரும் ஒரே வாங்கிலே இருந்து படிக்கிறீர்கள். இது இயல்பானது என்றே நினைப்பீர்கள். ஆனால் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றில் தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு வாங்கு கிடையாது. அவர்கள் நிலத்திலே இருந்து படித்தார்கள். பலருக்குப் பாடசாலை வாசலே திறக்கவில்லை. இந்நிலை மாற உழைத்தவர்களுள் ஒருவரே ஹண்டி பேரின்பநாயகம்.

இளமையும் கல்வியும்

இவர் 1899 ஆம் ஆண்டு பிறந்தார். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் கற்று, பின்பு அங்கேயே ஆசிரியரானார். எங்கள் உடுப்பிட்டியிலும் பாடசாலை அமைத்த அமெரிக்க மிஷனின் கல்வி மரபில் வந்தது அக்கல்லூரி. ஆங்கிலக் கல்வி பெற்ற பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடிய காலத்தில், இவர் மாணவரை ஒன்றுதிரட்டும் பணியை நாடினார்.

வாலிபர் காங்கிரஸ்

1924 ஆம் ஆண்டு இவரும் நண்பர்களும் மாணவர் காங்கிரசைத் தொடங்கினர். பின்னர் அது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. தீண்டாமை ஒழிப்பு, நாட்டின் விடுதலை, தாய்மொழி வளர்ச்சி, சிங்கள மக்களுடன் நட்புறவு என்பன அதன் நோக்கங்கள். எல்லாச் சாதியினரும் ஒரே பந்தியில் உண்ணும் சமபந்திப் போசனத்தையும் அவர்கள் நடத்தினர். ஒருவர் வீட்டில் மற்றவர் தண்ணீர் குடிக்கவும் தயங்கிய அக்காலத்தில் அது சிறிய செயலன்று. காங்கிரசின் அழைப்பை ஏற்று 1927 நவம்பரில் மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்தார். தீண்டாமையை அவரும் கண்டித்தார்.

சம ஆசனம்

1930 ஆம் ஆண்டளவில், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கவேண்டும் என்று அரசாங்கம் பணித்தது. உயர்சாதியினர் சிலர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். சில பாடசாலைகள் தீக்கிரையாயின. வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்தின் பக்கமே நின்றது.

1931 பகிஷ்கரிப்பு

டொனமூர் யாப்பு முழுச் சுயராச்சியம் தரவில்லை என்பதால், 1931 அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி காங்கிரஸ் கேட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் எவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. உடுப்பிட்டி அன்று பருத்தித்துறைத் தொகுதியில் அடங்கியிருந்தது. 1934 வரை அவ்விடங்கள் வெறுமையாக இருந்தன.

மாணவர்களே, இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். சாதி, சொத்து, கல்வி பாராமல் வயதுவந்த ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கியதும் அதே யாப்புத்தான். தாழ்த்தப்பட்ட மக்கள் முதன்முதலாகப் பெற்ற வாக்கு, குடாநாட்டில் மூன்று ஆண்டுகள் பயன்படாமற் போயிற்று. அவர்களின் சமத்துவத்திற்காக உழைத்த இயக்கமே இதற்குக் காரணமாயிற்று. நல்ல நோக்கமுடைய முடிவும் எளியவரைப் பாதிக்கலாம் என்பதை இதிலிருந்து அறிகின்றோம். பெரியோர் வரலாற்றை எழுதும்போது புகழ்ச்சி மட்டும் எழுதினால் அது முழுமையான விடையாகாது.

பிற்காலம்

1947 பொதுத் தேர்தலில் வட்டுக்கோட்டைத் தொகுதியில் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். ஆயினும் மனந்தளரவில்லை. 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்து அதனை வளர்த்தெடுத்தார். தாய்மொழி மூலக் கல்விக்காகவும் ஆசிரியர்களின் உரிமைக்காகவும் குரல் கொடுத்தார். 1977 இல் காலமானார்.

அவர் காலத்திலேயே போராட்டம் முடிந்துவிடவில்லை. 1957 இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதன் பின்னும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்திற்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. ஆகவே விடைத்தாளில் சாதிப் பாகுபாடு ஒழிந்துவிட்டது என்று ஒரு வரியில் எழுதி முடிக்காதீர்கள். எது மாறியது, எது மாறவில்லை என்பதை உங்கள் ஊரைப் பார்த்தே எழுதுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. வாலிபர் காங்கிரசின் நோக்கங்கள் மூன்று தருக.
2. சம ஆசனம் என்பதனால் நீர் விளங்கிக்கொள்வது யாது?
3. 1931 பகிஷ்கரிப்பின் நோக்கத்தையும் விளைவையும் ஒப்பிடுக.