எண்ணிப் பார்த்த மனிதர்

சீல் எனப்படும் கடல்நாய்கள் மீன்வளத்தைத் தின்று தீர்க்கின்றன. எனவே அவற்றின் வேட்டையை விரிவுபடுத்த வேண்டும் என்கின்றனர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள் பலர். ஐரோப்பிய ஒன்றியமோ சீல் பொருள்களின் வணிகத்துக்கு 2009-இல் தடை விதித்தது. இந்த வாதப் பிரதிவாதங்களைப் படிக்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர், ஒரு நூற்றாண்டுக்கு முன் இதே வழக்கைத் தனியொருவராக நடத்திய ஹென்றி வுட் எலியட்.

1846-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பிறந்த எலியட் அடிப்படையில் ஓவியர். ரஷியாவிடமிருந்து அலாஸ்காவை அமெரிக்கா 1867-இல் விலைக்கு வாங்கியது. பேரிங் கடலில் உள்ள பிரிபிலாஃப் தீவுகளில் ஆண்டுக்கு ஒரு லட்சம் சீல்களைக் கொல்லும் உரிமை, 1870-இல் ஒரு நிறுவனத்துக்கு 20 ஆண்டுக் குத்தகையாக அளிக்கப்பட்டது. 1872-இல் அரசுப் பணியாளராக அங்கு சென்ற எலியட், தீவுப் பெண்ணையே மணந்தார். சீல்களை வரைந்தார், கரையின் பரப்பை அளந்து அவற்றை எண்ணவும் செய்தார். ஏறத்தாழ 47 லட்சம் என்பது அவர் கணக்கு.

1890-இல் மீண்டும் சென்றபோது பத்து லட்சம்கூட இல்லை. காரணம் கடலில் இருந்தது. குட்டியைக் கரையில் விட்டுவிட்டு இரைதேடித் தொலைதூரம் செல்லும் தாய் சீல்களைக் கப்பல்களிலிருந்து சுட்டனர். சுடப்பட்டவற்றில் பல கைக்குக் கிட்டாமல் மூழ்கின. வேறொரு தாயிடம் பால் கிடைக்காத குட்டி கரையிலேயே பட்டினியால் மடிந்தது. தாயின் வயிற்றில் அடுத்த கருவும் இருக்கும். ஆக, ஒரு தோலுக்கு மூன்று உயிர்கள்.

கடல் வேட்டையோடு, குத்தகை நிறுவனத்தின் கரை வேட்டையையும் நிறுத்திவைக்க வேண்டும் என்றார் எலியட். நிறுவனமும் அதிகாரிகளும் அறிவியலாளர் சிலரும் பகைத்துக் கொண்டனர். அவருடைய முதல் கணக்கு மிகையானது என்றனர். அதில் உண்மை இருந்ததைப் பிற்கால ஆய்வாளர்களும் ஏற்கின்றனர். ஆனால், அழிவு பொய்யல்ல.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் ஓயவில்லை. 1911-இல் அமெரிக்கா, பிரிட்டன், ரஷியா, ஜப்பான் ஆகியவை கடல் வேட்டையைத் தடைசெய்து உடன்படிக்கை செய்தன. தொழிலை இழந்த கனடாவுக்கும் ஜப்பானுக்கும் பிரிபிலாஃப் தோல்களில் தலா 15 விழுக்காடு ஈடாக ஒதுக்கப்பட்டது. பழங்குடியினரின் மரபுவழிப் படகு வேட்டைக்கு விலக்கு தரப்பட்டது. மறு ஆண்டே கரை வேட்டைக்கும் அமெரிக்க நாடாளுமன்றம் ஐந்தாண்டுத் தடை விதித்தது. சீல்கள் மீண்டும் பெருகின. எலியட் 1930-இல் மறைந்தார்.

அந்தப் பாடம் நிலைக்கவில்லை. பெண் சீல்களைக் குறைத்தால் மந்தை மேலும் செழிக்கும் என்ற கணிப்பில், 1956 முதல் 1968 வரை ஏறத்தாழ மூன்று லட்சம் பெண் சீல்கள் கொல்லப்பட்டன. எதிர்பார்த்த பெருக்கம் நிகழவில்லை, எண்ணிக்கை சரிந்தது. 1980-களில் வணிக வேட்டை முடிவுக்கு வந்த பிறகும் மந்தை பழைய நிலையை எட்டவில்லை.

வேட்டையே கூடாது என்று எலியட் சொன்னதில்லை. மிஞ்சுவது எவ்வளவு என்று தெரியாமல் எடுக்கக் கூடாது என்பதே அவர் கட்சி. விலங்குகளின் தொகையைக் கட்டுப்படுத்தப் போகிறோம் என்போரிடம் நாம் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: எண்ணியவர் யார்? அந்தக் கணக்கால் ஆதாயம் பெறுபவர் யார்? இரண்டுக்கும் விடை ஒருவரே என்றால், அந்தக் கணக்கை மறுபடியும் போட்டுப் பார்ப்பதே நல்லது.