மாணவராய் இருந்த புத்தர்

கல்வி எதுவாயினும் அதற்கு ஒரு தொடக்கம் உண்டு. நீந்தப் பழகுவோன் முதல் நாளிலேயே ஆற்றைக் கடத்தல் இயலாது. உள்ளத்தை ஒருவழிப்படுத்தும் தியானக் கலையும் அத்தகையதே. அக்கலையின் பேராசானாக உலகம் போற்றும் கௌதம புத்தரும் ஒரு காலத்தில் அதனைக் கற்கத் தொடங்கிய மாணவராகவே இருந்தார். அவர் ஆசிரியரை நாடினார். தவறான நெறியில் நெடுந்தொலைவு சென்றார். உயிரையே இழக்கும் நிலையை எய்தினார். பின்னர் வழியை மாற்றிக்கொண்டு வென்றார். போதி மரத்தின்கீழ் அமர்ந்த புத்தரை நாம் நன்கு அறிவோம். அம்மரத்தை அடையுமுன் அவர் பட்ட பாட்டை அறிந்தோர் சிலரே. பௌத்த நூல்கள் கூறும் அவ்வரலாற்றை இங்கே காண்போம்.

இமயமலையின் அடிவாரத்தில் சாக்கியர் என்னும் குலத்தார் வாழ்ந்துவந்தனர். அவர்தம் தலைநகர் கபிலவத்து. அங்குத் தலைவராய் விளங்கிய சுத்தோதனருக்கும் மாயாதேவியாருக்கும் உலும்பினிச் சோலையில் ஓர் ஆண்மகவு பிறந்தது. அதற்குச் சித்தார்த்தன் எனப் பெயரிட்டனர். பிறந்த ஆண்டு பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு, கி.மு. 6 ஆம் நூற்றாண்டு என்பாரும், 5 ஆம் நூற்றாண்டு என்பாரும் உளர். பிறந்த இடத்திற்கோ கல்லிலேயே சான்று உள்ளது. அசோக மன்னர் கி.மு. 3 ஆம் நூற்றாண்டில் நாட்டிய தூண் ஒன்று 1896 ஆம் ஆண்டில் அங்குக் கண்டறியப்பட்டது. புத்தர் பிறந்த இடம் அதுவே என அத்தூணின் எழுத்துகள் அறிவிக்கின்றன. அவ்விடம் இன்று நேபாள நாட்டில் உள்ளது.

மகவு பிறந்த ஏழாம் நாள் தாய் இறந்தார். சிற்றன்னையாகிய மகாபிரசாபதி கௌதமியார் குழந்தையைத் தம் மகவெனவே வளர்த்தார். சித்தார்த்தன் சிறுவனாய் இருந்தபோது, ஒருநாள் ஏர்பூட்டு விழா நிகழ்ந்தது. தந்தையாரும் பிறரும் வயலில் ஏர் ஓட்டினர். செவிலியர் சிறுவனை ஒரு நாவல் மரத்தின் நிழலில் இருத்திவிட்டு, விழாக் காணச் சென்றனர். தனித்திருந்த சிறுவன் கால்களை மடக்கி நிமிர்ந்து அமர்ந்தான். வருவதும் போவதுமாக இருந்த மூச்சின்மேல் அவன் உள்ளம் மெல்லப் படிந்தது. விழாவின் ஆரவாரம் அவன் செவியில் புகவில்லை. இனம்புரியாத அமைதியும் இன்பமும் உள்ளே நிறைந்தன. அதனை அவனுக்குக் கற்பித்தார் எவருமிலர். அவன் அதற்காக முயலவும் இல்லை. திரும்பி வந்த செவிலியர் அசைவற்றிருந்த சிறுவனைக் கண்டு வியந்தனர். பின்னர் எல்லாரும் வீடு சென்றனர். அந்த ஒரு பொழுதின் அருமையை அன்று ஒருவரும் உணரவில்லை, சித்தார்த்தனும் உணரவில்லை.

ஆண்டுகள் பல கழிந்தன. சித்தார்த்தர் யசோதரையை மணந்தார். இராகுலன் என்னும் மகனும் பிறந்தான். எனினும் மூப்பையும் பிணியையும் சாக்காட்டையும் கண்ட அவர் நெஞ்சம் செல்வ வாழ்வில் நிலைகொள்ளவில்லை. துன்பத்திற்கு முடிவு உண்டா என்னும் வினா அவரை இரவும் பகலும் வருத்தியது. தம் 29 ஆம் வயதில் அவர் இல்லம் துறந்து வெளியேறினார்.

துறவு பூண்டவுடன் அவர் செய்த முதற்செயல், தக்க ஆசிரியரைத் தேடியதாகும். அக்காலத்தில் ஆலார காலாமர் என்னும் முனிவர் தியானத்தில் வல்லவராய் விளங்கினார். சித்தார்த்தர் அவரை அடைந்து மாணவரானார். ஆசிரியரின் கொள்கைகளை விரைவில் மனப்பாடம் செய்தார். ஆயின், வாயால் ஒப்பித்தல் அறிவாகாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆசிரியர் தாமே நுகர்ந்தறிந்த நிலை எதுவென வினவி, விடாது பயின்று, அந்நிலையைத் தாமும் எய்தினார். எப்பொருளும் இன்மையை உணரும் நுண்ணிய அமைதி அது. ஆலாரர் பெருமகிழ்வுற்றார், தம் மாணவர் கூட்டத்தைத் தம்முடன் இணைந்து தலைமை தாங்கி நடத்துமாறு அழைத்தார். சித்தார்த்தர் அதற்கு இசையவில்லை. தியானத்தில் இருக்குங்கால் உள்ளம் அமைதியுற்றது. எழுந்த பின்னரோ துன்பத்தின் வேர் அறாமலே இருந்தது. ஆகவே, ஆசிரியரை வணங்கி விடைபெற்றார்.

பின்னர் உத்தக இராமபுத்திரர் என்பாரிடம் சென்றார். அவரிடம் அதனினும் நுண்ணிய நிலையைப் பயின்று முடித்தார். உத்தகரோ தம் கூட்டத்தின் தலைமை முழுவதையுமே சித்தார்த்தருக்கு அளிக்க முன்வந்தார். அதனையும் அவர் மறுத்தார். கற்றது சிறிதாயினும் ஆசிரியப் பதவி கிடைப்பின் அதனைப் பற்றிக்கொள்வார் உலகில் பலர். இருமுறை அப்பதவி தேடி வந்தபோதும், தாம் தேடியது இன்னும் கிட்டவில்லை என்னும் உண்மையைச் சித்தார்த்தர் தம்மிடமே மறைத்துக்கொள்ளவில்லை.

ஆசிரியரிடம் கிட்டாததை உடலை ஒறுத்தேனும் பெறலாம் எனக் கருதி, உருவேலை என்னும் ஊரை அடைந்தார். நேரஞ்சரை ஆற்றின் கரையில் அமைந்த அழகிய காடு அது. கொண்டஞ்ஞர் முதலிய ஐவர் அவருடன் தங்கி, அவர் மெய்யுணர்வு பெறும் நாளை எதிர்நோக்கியிருந்தனர். நீரில் ஊறிய விறகில் தீக்கடைதல் இயலாது. அதுபோல, ஆசையில் ஊறிய உள்ளத்தில் அறிவுத்தீ தோன்றாது எனச் சித்தார்த்தர் எண்ணினார். பல்லைக் கடித்து, நாவை மேலண்ணத்தில் அழுத்தி, உள்ளத்தை உள்ளத்தாலேயே நசுக்க முயன்றார். உடலெங்கும் வியர்வை பெருகியது. மூச்சை அடக்கினார், செவிகளில் பேரிரைச்சல் எழுந்தது, தலை பிளப்பது போன்ற நோவு உண்டாயிற்று. உணவை நாளுக்கு நாள் குறைத்துக் கைப்பிடியளவு பயற்றுநீரில் உயிர் வாழ்ந்தார். வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. கண்கள் ஆழ்கிணற்று நீர்போல உள்ளே மின்னின. எழ முயன்றால் நிலத்தில் வீழ்ந்தார். கண்டவர் சிலர் அவர் இறந்தார் என்றே கருதினர்.

இங்ஙனம் ஆறாண்டுகள் கடந்தன. இனி இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, அதே நெறியில் நின்று மடிதல். மற்றொன்று, ஆறாண்டு உழைப்பும் பயனற்றதென ஒப்புக்கொள்ளல். இரண்டாவது எளிதன்று. ஐவரின் மதிப்பையும் அவர் இழக்க நேரும். எனினும் சித்தார்த்தர் அதனையே தேர்ந்தார். தமக்கு முன் எத்துறவியும் இதனினும் கடுமையாகத் தம்மை ஒறுத்திருக்க இயலாது. ஆயினும் மெய்யறிவு கிட்டவில்லை. வேறு வழி இருத்தல் வேண்டும் என அவர் ஆராய்ந்தார்.

அவ்வேளையில் நாவல் மர நிழல் அவர் நினைவில் எழுந்தது. அன்று அச்சிறுவன் பல்லைக் கடிக்கவில்லை, பசித்திருக்கவில்லை. எனினும் உள்ளம் தானே ஒருமைப்பட்டது. அந்த இன்பம் ஆசையால் விளைந்ததன்று, தீமை கலந்ததுமன்று. அங்ஙனமாயின் அதற்கு ஏன் அஞ்சுதல் வேண்டும்? வழி அதுவே எனத் தெளிந்தார். நலிந்த உடலால் அவ்வழியிற் செல்லல் இயலாது என்பதையும் உணர்ந்து, உணவு கொள்ளத் தொடங்கினார். சுசாதை என்னும் பெண் அளித்த பாற்சோற்றை அவர் உண்டதாக வரலாறு கூறும். அவர் உணவு கொள்வதைக் கண்ட ஐவரும், தவத்தைக் கைவிட்டு இன்ப வாழ்வுக்குத் திரும்பிவிட்டார் என இகழ்ந்து அவரைப் பிரிந்தனர்.

தனித்து நின்ற சித்தார்த்தர் ஓர் அரச மரத்தின்கீழ் அமர்ந்தார். சிறுவயதில் தாமே கண்ட தொடக்கத்திலிருந்து மீண்டும் தொடங்கினார். உள்ளம் படிப்படியாக அமைதியுற்றது. அமைதியுற்ற உள்ளத்தில் தெளிவு பிறந்தது. துன்பம் உளது, அதற்குக் காரணம் உளது, அதனை ஒழித்தல் இயலும், ஒழிக்கும் நெறியும் உளது என்னும் நான்கு வாய்மைகளை அவர் உணர்ந்தார். அப்பொழுது அவர்க்கு வயது 35. அன்று முதல் அவர் புத்தர் ஆனார். அவ்விடம் பீகார் மாநிலத்தில் புத்தகயை என வழங்குகின்றது.

பிறர்க்கு உரைக்க எண்ணியபோது, அவர் முதலில் நினைந்தது தம் ஆசிரியர் இருவரையே. ஆனால், ஆலாரர் ஏழு நாட்களுக்கு முன்னரும், உத்தகர் முந்திய இரவிலும் இறந்துவிட்டனர் என அறிந்து வருந்தினார். பின்னர்த் தம்மைப் பிரிந்த ஐவரைத் தேடிக் காசிக்கு அருகிலுள்ள மான்சோலைக்கு நடந்தார். அவ்விடமே இன்றைய சாரநாத். அவர் வந்தால் எழுந்து வரவேற்றலாகாது என ஐவரும் முடிவு செய்திருந்தனர். அவர் அணுகியதும் அம்முடிவு நில்லாது போயிற்று. அவர்களுக்கே அவர் முதன்முதலாக அறம் உரைத்தார். இன்பத்தில் மூழ்குதலும் உடலை வருத்துதலும் ஆகிய இரண்டையும் விலக்கிய நடுவழியே அவ்வுரையின் தொடக்கமாயிற்று.

அதன்பின் 45 ஆண்டுகள் அவர் கற்பித்தார். புதிதாகப் பயில்வோரிடம் அவர் காட்டிய கனிவில் அவர்தம் பழைய துன்பத்தின் பயன் விளங்கும். சோணர் என்னும் துறவி, கால் புண்பட்டுக் குருதி வழியுமாறு நடந்து நடந்து தியானம் பயின்றார். பயன் காணாது மனம் தளர்ந்தார். அவர் முன்னர் யாழ் வல்லவர் என்பதை அறிந்த புத்தர், நரம்பை மிக முறுக்கினாலும் தளர விட்டாலும் இசை பிறவாமையை நினைவூட்டினார். சோணர் தம் பிழையை உணர்ந்தார்.

புத்தரின் மகன் இராகுலனும் துறவு பூண்டிருந்தான். ஒருநாள் அவன் மூச்சினைக் கொண்டு தியானம் பயிலும் முறையைக் கேட்டான். புத்தர் உடனே மூச்சைப் பற்றித் தொடங்கவில்லை. தூயன வீழினும் தீயன வீழினும் நிலம் வெறுப்புக் கொள்ளாமை போல உள்ளத்தைப் பழக்குமாறு முதலில் அறிவுறுத்தினார். அதன் பின்னரே பயிற்சியைக் கூறினார். அமைதியான இடத்தில் நிமிர்ந்து அமர்தல் வேண்டும். நெடிய மூச்சை நெடிதென்றும், குறிய மூச்சைக் குறிதென்றும் அறிதல் வேண்டும். அவ்வளவே தொடக்கம். உள்ளம் அலையுமாயின் அதனை வையாது மீட்டும் மூச்சிடம் கொணர்தல் வேண்டும். முளையில் கட்டிய கன்று துள்ளி ஓட முயன்று, முடிவில் அம்முளையின் அருகிலேயே படுத்துவிடும் எனப் பிற்கால உரையாசிரியர் இதனை விளக்குவர்.

பேராசிரியரான பின்னரும் புத்தர் பயிற்சியை விடவில்லை. இச்சானங்கலம் என்னும் ஊரில் மழைக்காலம் மூன்று மாதமும் தனித்திருந்து, இந்த மூச்சுத் தியானத்திலேயே பெரும்பாலும் ஈடுபட்டிருந்தார். தம் 80 ஆம் வயதில் குசிநாரையில், இரு சால மரங்களுக்கிடையே அவர் இறுதியாகப் படுத்தார். விழிப்போடு முயலுமாறு சீடர்க்கு அறிவுறுத்தியபின், தியானத்தின் முதல் நிலையிற் புகுந்து ஒவ்வொன்றாக ஏறினார். ஆலாரரும் உத்தகரும் கற்பித்த நிலைகளையும் கடந்தார். மீண்டும் ஒவ்வொன்றாக இறங்கி முதல் நிலைக்கே வந்தார். அங்கிருந்து நான்காம் நிலைக்கு ஏறி உயிர் நீத்தார். நாவல் மர நிழலில் அச்சிறுவன் எய்திய முதல் நிலையை, வாழ்வின் இறுதி இரவிலும் அவர் கடந்து செல்லவேண்டிய வாயிலாகவே கொண்டார். தொடக்கத்தைச் சிறிதென இகழாதவரே முடிவை அடைவர் என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.